பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகளின் நிழல்

1

வெள்ளிக்கிழமை பின்னேரம் என் மகன் கஜன் பள்ளிக்கூடத்திலிருந்து கோபத்தோடு வந்தான். சப்பாத்து ஒரு மூலைக்கும் புத்தகப்பை இன்னொரு மூலைக்கும் போயின. நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டு நின்றேன். தொழிற்சாலையில் நாள் முழுக்க மீன் வெட்டிவிட்டு வீட்டிலும் வந்து அதையே செய்கிறவனுக்கு வேறு யாருடைய கோபமும் பெரிதாகத் தெரிவதில்லை. ஆனால் அவன் கேட்ட கேள்வியில் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

"அப்பா, மத்தியானத்திலை நிழல் எந்தப் பக்கம் விழும்?"

இதே கேள்விக்கு முன்பொருமுறை அவசரப்பட்டுப் பதில் எழுதி, பெற்ற மகளையே தூரப் போகச் செய்தவன் நான். ஆகவே, "ஏன் ராசா கேக்கிறாய்?" என்று மட்டும் கேட்டேன்.

ஆசிரியை வகுப்பை வெளியே கூட்டிப்போய்த் தடி ஒன்றை நட்டிருக்கிறார். மத்தியானத்தில் நிழல் எப்போதும் வடக்கே விழும், இதை வைத்துக் காட்டில் வழி தவறினாலும் திசை கண்டுபிடிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். எட்டு வயது கஜன் கையை உயர்த்தி, "ஊரில் எங்கள் வீட்டில் தெற்கேயும் விழும்" என்றானாம். பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். ஆசிரியை சிரிக்கவில்லை. நல்ல மனுசி. "அப்படியா? எழுதி வைத்த ஏதாவது இருந்தால் திங்கட்கிழமை கொண்டு வா, எல்லோரும் பார்ப்போம்" என்றாராம்.

"அக்கான்ரை கொப்பியைக் கொண்டு போகட்டோ?" என்று கஜன் கேட்டான்.

அக்காவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. அந்தக் கொப்பி இந்த வீட்டில்தான் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆறு மாதமாக அதை ஒரு முறைகூட நான் கண்ணால் காணவில்லை. காட்டு என்று கேட்கும் தைரியமும் எனக்கு இல்லை.

2

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு நான் இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். நோர்வே நாட்டின் வடக்கு முனையில், கடலைப் பார்த்தபடி ஒரு சின்னப் பட்டினம். மீன் தொழிற்சாலை, தேவாலயம், பள்ளிக்கூடம், இரண்டு கடை. வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் நம்மவர்கள். மார்கழியில் இங்கே சூரியன் எழும்பவே எழும்பாது. ஆனியில் படுக்காது. யன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டுக்கொண்டு நித்திரை கொள்கிறோம்.

எண்பத்தேழில் வந்தேன். அதற்கு முன் பத்து வருடம் யாழ்ப்பாணத்தில் அரசாங்க எழுதுவினைஞர். கஜன் பிறந்து முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழித்த அடுத்த கிழமை கொக்குவில் வீட்டை விட்டு வெளிக்கிட்டேன். மூத்தவள் தர்சினிக்கு அப்போது நாலு வயது. கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவனுக்கு, அவர்களை எடுப்பிக்க ஏழு வருடமாயிற்று. இங்கே ஒரு கடிதம் வேண்டும் என்றார்கள். அதை எடுத்தால் அங்கே ஒரு பத்திரம் இல்லை. அதை எடுக்கும்போது இங்கே எடுத்த கடிதம் காலாவதி. நானும் ஒரு காலத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து சனத்தை இப்படித்தான் அலைக்கழித்தேன். அதனால் வாயைத் திறந்து ஏசவும் முடியவில்லை.

தொண்ணூறுக்குப் பிறகு ஊரில் மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. கடிதங்கள் கப்பலிலும் ஆட்களின் பைகளிலும் இரண்டு மூன்று மாதம் கழித்து வந்து சேரும். மனைவி மலர் நாலு பக்கம் எழுதுவாள். அதற்குள் மடித்து மகளின் தாள் ஒன்று இருக்கும். அன்புள்ள அப்பாவுக்கு, நாங்கள் சுகம், அதுபோல் உங்கள் சுகத்துக்கும் ஆண்டவனை வேண்டுகிறேன், நான் நன்றாகப் படிக்கிறேன், தம்பி குழப்படி, இப்படிக்கு அன்பு மகள். ஒவ்வொரு முறையும் இதே ஆறு வரி. குற்றம் அவளில் இல்லை. முகம் மறந்துபோன ஒரு மனிதனுக்கு வேறு என்னத்தை எழுதுவது?

ஒருமுறை மலர் எழுதினாள்: "மணிக்கூடு நின்றுவிட்டது. பற்றரி எங்கும் இல்லை. பள்ளிக்கூட மணி கேட்காத ஞாயிற்றுக்கிழமைகளில் சமைக்கும் நேரம்கூடத் தெரியவில்லை." அதை வாசித்ததும் எனக்குள் இருந்த எழுதுவினைஞர் எழும்பி உட்கார்ந்தார். மகளுக்குத் தனியாக மூன்று பக்கம் எழுதினேன். நேரான கமுகஞ்சலாகை, பாக்குமரத் தடி, ஒன்றை எடு. கிணற்றடிக்கும் மதிலுக்கும் நடுவே மரநிழல் படாத இடத்தில் நடு. நிலத்துக்கு மேலே சரியாக நூறு சென்ரிமீற்றர் நிற்க வேண்டும். அம்மாவின் தையல் நாடாவால் அள. நூலில் அலுமாரித் திறப்பை, அந்தப் பெரிய சாவியை, கட்டித் தூக்கிப் பிடித்துச் சலாகை சரிந்திருக்கிறதா என்று பார். ஞாயிற்றுக்கிழமை காலை பிந்தியதும் நிழலின் நுனியில் சின்னக் கல் வைத்துக்கொண்டே வா. நிழல் எந்த இடத்தில் ஆகக் குறுகுகிறதோ அதுதான் சரி மத்தியானம். அதன் நீளத்தையும் திசையையும் ஒரு கொப்பியில் எழுது. நானும் இங்கே ஒரு தடி நடுகிறேன்.

அத்தோடு அலுவலகச் சட்டத்தையும் எழுதினேன். பிழை வந்தால் அழிக்கக் கூடாது. பழைய எழுத்து தெரியும்படி ஒற்றைக் கோடு கீறி, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் சின்னக் கையெழுத்து வைக்க வேண்டும். யார் திருத்தியது என்று பிறகு வருகிறவனுக்குத் தெரிய வேண்டும். அளக்க முடியாத நாளை உத்தேசமாக நிரப்பக் கூடாது.

எட்டு வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் அதிகம் என்று இங்கே என்னோடு அறையில் இருந்த பெடியன்கள் சிரித்தார்கள். விடுதிக்குப் பின்னால் நான் தடி நட்டபோது, "அண்ணை, தூண்டில் இல்லாமல் மீன் பிடிக்கப் போறியளோ?" என்று கேட்டார்கள்.

ஆனால் அதற்குப் பிறகு வந்த தாள்கள் ஆறு வரியோடு நிற்கவில்லை. தம்பியின் வேலை கல் பொறுக்கித் தருவது, ஆனால் அவன் கல்லை வாய்க்குள் போடுகிறான் என்று வந்தது. ஒரு ஞாயிறுக்கு நேரே, "அளக்கவில்லை. பொம்மர் வந்தது. பங்கருக்குள் இருந்தோம்" என்று மட்டும் இருந்தது. அந்த ஞாயிறு குண்டுவிமானத்துக்கும் பதுங்குகுழிக்கும் போயிற்று. மார்கழியில் நான், "இங்கே சூரியன் இல்லை, நிழலும் இல்லை" என்று எழுதியதற்கு, "சூரியன் இல்லாத ஊரில் ஏன் அப்பா இருக்கிறீங்கள்?" என்று கேட்டு எழுதினாள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு இரண்டு கிழமை திரிந்தேன்.

சித்திரை வருடப்பிறப்புக் கழிந்து எழுதிய தாளில் இப்படி இருந்தது: "இன்று தடிக்கு நிழல் இல்லை. தம்பி தேடினான். அது தடிக்குக் கீழேயே ஒளிந்துகொண்டது. நீளம்: பூச்சியம்." வாசித்து எனக்குப் பெருமை பிடிபடவில்லை. தொழிற்சாலை முழுக்கக் காட்டினேன். சூரியன் உச்சிக்கு நேரே வந்தால் நிழல் பூச்சியம் என்று எல்லோருக்கும் விளக்கம் வேறு. உச்சிக்கு வந்த சூரியன் அடுத்த கிழமை எங்கே போகும் என்று மட்டும் என் பெரிய மண்டைக்கு யோசிக்கத் தெரியவில்லை.

3

அந்த நாட்களில் நான் மொழி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். வயது முப்பத்தெட்டு. ஒரு வசனத்தில் நாலு சொல் எழுதினால் மூன்றின் கீழே சிவப்புக் கோடு விழும். வேலைத்தலத்தில் மேற்பார்வையாளன் திருத்துவான். கடையில் காசு வாங்குகிற பெட்டை திருத்துவாள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த கிழவர்கூட ஒருநாள் திருத்தினார். பத்து வருடம் மற்றவர்களின் கோப்புகளைத் திருத்திச் சம்பளம் வாங்கியவன், ஒரு நாள் முழுக்கத் திருத்தப்பட்டுக்கொண்டே இருந்தேன். யாரையாவது திருத்த வேண்டும் என்று கை துடித்தது. அதை இப்போது வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அப்படி ஒரு நாளில்தான் வைகாசி, ஆனி, ஆடி மாதங்களின் தாள் வந்தது. பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகள். ஒன்பதில் தொடங்கி, இருபத்துநாலு வரை ஏறி, பிறகு பதினைந்துக்கு இறங்கும் எண்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே திசை: தெ. தெ. தெ. தெற்கு.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இங்கே ஐந்து வருடமாக என் கண் முன்னால் மத்தியான நிழல் வடக்கே தவிர வேறு எங்கும் விழுந்ததில்லை. பிள்ளை திசையை மாறி எழுதிவிட்டாள் என்று முடிவு கட்டினேன். ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. சிவப்புப் பேனை எடுத்து எழுதினேன்: "பிள்ளை, எண்கள் திறம். திசை எல்லாம் பிழை. மத்தியான நிழல் எப்போதும் வடக்கேதான் விழும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விடயம். பன்னிரண்டையும் திருத்திச் சின்னக் கையெழுத்து வை."

சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விடயம் என்று ஒரு சின்னப் பிள்ளைக்கு எழுதினேன்.

அந்தக் கடிதம் கொக்குவிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது தை மாதம். அடுத்து வந்த தாளில் அவள், "திருத்திவிட்டேன் அப்பா" என்று எழுதியிருந்தாள். தையிலிருந்து பங்குனி வரை அங்கே நிழல் உண்மையிலேயே வடக்கு. ஐம்பத்தைந்து, நாற்பத்தைந்து, இருபது என்று ஒழுங்காக வந்தது. சித்திரையில் பூச்சியம் வந்தது. அதற்குப் பிறகு அவளிடமிருந்து தாள் வரவில்லை.

மலரின் கடிதம் வந்தது. உள்ளே மடித்த தாள் இல்லை. அடுத்ததிலும் இல்லை. "அவள் எழுதமாட்டாளாம். ஏன் என்று கேட்டால் பேசாமல் இருக்கிறாள். உங்களுக்குள் என்ன பிரச்சினை?" என்று மலர் கேட்டிருந்தாள். என்ன பிரச்சினை என்று எனக்கும் தெரியவில்லை. வளர்கிற பிள்ளை, தூரத்தில் இருக்கிற தகப்பன், இப்படித்தான் கைநழுவிப் போகும் என்று பெடியன்கள் ஆறுதல் சொன்னார்கள். ஆறு வரியாவது வந்தால் போதும் என்று இருந்தது.

4

ஐப்பசியில் மலரின் கடிதம் ஒன்றை வேலைக்குப் போகிற பஸ்ஸில் உடைத்து வாசித்தேன். ஆனியில் எழுதியது. அரிசி, மாவு, மழை, சுகவீனம் எல்லாம் எழுதி, நடுவிலே ஒரு வரி: "வடக்கு யன்னலுக்குக் கட்டுவதற்கு இம்முறை சாக்கு இல்லை. இருந்த சாக்கெல்லாம் மண் நிரப்பிப் பங்கருக்குப் போய்விட்டது. வெயில் நேரே கட்டிலில் விழுகிறது."

அந்த வரியைக் கடந்து இரண்டு வரி போய்விட்டு, திரும்பி வந்தேன்.

வடக்கு யன்னல். ஒவ்வொரு வருடமும் வைகாசியில் அதற்குச் சாக்குக் கட்டுவது என் வேலை. கல்யாணம் முடித்து அந்த வீட்டுக்குப் போன முதல் வருடமே மலர் சொன்னாள், "இஞ்சாருங்கோ, உந்த யன்னலாலை வெயில் வருது, ஏதும் செய்யுங்கோ" என்று. ஏணி வைத்து, ஆணி அடித்து, நனைத்த சாக்கைத் தொங்கவிட்டேன். ஆவணி முடியக் கழற்றுவேன். பத்து வருடம் கட்டினேன், பத்து வருடம் கழற்றினேன். வடக்கு யன்னலால் வெயில் வருகிறதென்றால் சூரியன் வடக்கே நிற்கிறது. சூரியன் வடக்கே நின்றால் நிழல் எங்கே விழும்?

பஸ் தொழிற்சாலை வாசலில் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. சாரதி திரும்பிப் பார்த்து ஏதோ கேட்டான். விளங்கவில்லை. அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி, கடலோரமாக நடந்து, பிந்தித்தான் வேலைக்குப் போனேன்.

என் பிள்ளை தன் கண்ணால் கண்டதை எழுதினாள். அதை நான் இங்கே இருந்துகொண்டு வெட்டச் சொன்னேன். அவளுக்குப் பிழை என்று சொன்னது பெரிதில்லை. என் சொந்த வீட்டின் சூரியன் எந்தப் பக்கம் நிற்கும் என்பதை நான் மறந்துபோனேன், அதுதான் என்னைச் சுட்டது. அன்றைக்கே கடிதம் எழுதினேன். பிள்ளை, நீ எழுதியதுதான் சரி, அப்பாதான் பிழை, என்னை மன்னித்துக்கொள் என்று. அந்தக் கடிதம் போய்ச் சேரவில்லை. எங்கே தவறியது என்று இன்றுவரை தெரியாது.

5

அடுத்த வருடம் மலர் பிள்ளைகளோடு கிளாலியால் கடல்நீரேரியைத் தோணியில் கடந்து கொழும்புக்கு வந்தாள். தூதரகத்தில் விசாரணை. இங்கே எனக்குப் பொலிஸ் நிலையத்தில் விசாரணை. இரண்டு பேரையும் வேறு வேறாகக் கேட்டு, பதில்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பார்கள். உண்மையான குடும்பம்தானா என்று அறிய அதுதான் வழியாம். கல்யாணப் பதிவுப் பத்திரத்தில் பாதி, கூரை ஒழுக்கில் நனைந்து கரைந்திருந்தது.

வாசல் படலையின் நிறம் என்ன என்று கேட்டார்கள். நீலம் என்றேன். மலர் படலையே இல்லை என்றிருக்கிறாள். அது பங்கருக்குக் கூரையாகப் போய்விட்டதாம். வீட்டுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்றார்கள். ரயில் பாதை என்றேன். மலர் சும்மா நிலம் என்றிருக்கிறாள். தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பங்கருக்கென்று கழற்றியாயிற்று. முற்றத்தில் என்ன மரம்? மாமரம் என்றேன். அது செல் குண்டு விழுந்து முறிந்துபோயிற்று. நான் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. அவள் சொன்னதும் உண்மை. இரண்டும் பொருந்தவில்லை. எதிரே இருந்த பெண் அதிகாரி ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தார். அந்தக் கோடுகளின் கருத்து எனக்கு நன்றாகத் தெரியும். நானும் போட்டவன்தானே.

பிறகு அவர் ஒரு தாளைத் திருப்பி வாசித்தார். மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் இருந்தார். "உங்கள் மகள் ஒரு கொப்பி கொண்டுவந்து காட்டியிருக்கிறாள். அதில் பன்னிரண்டு இடத்தில் ஒரே எழுத்து வெட்டப்பட்டு வேறெழுத்து எழுதப்பட்டிருக்கிறது. யார் வெட்டச் சொன்னது, ஏன் என்று உங்களுக்குத் தெரியுமா?"

திருத்திவிட்டேன் என்று அவள் எழுதியது வெறும் பேச்சுக்கு என்று நினைத்திருந்தேன். பன்னிரண்டையும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெட்டியிருக்கிறாள்.

"நான்தான் வெட்டச் சொன்னனான்" என்றேன். "தெற்கெண்டு இருந்ததை வடக்கெண்டு மாத்தச் சொன்னனான்."

"எது சரி?"

"தெற்கு."

"அப்படியென்றால் ஏன் மாற்றச் சொன்னீர்கள்?"

"மறந்துபோனன்" என்றேன். "என்ரை வீட்டிலை வெயில் எந்தப் பக்கத்தாலை வாறது எண்டு மறந்துபோனன்."

மொழிபெயர்ப்பாளரும் நம்மவர். அதை அவர் மெதுவாக, சொல் சொல்லாக மொழிபெயர்த்தார்.

அதிகாரி பேனையை மூடி வைத்தார். தூதரகத்தில் என் மகள் சொன்ன பதிலை அவர் வாசித்துக் காட்டவில்லை. ஆனால் இரண்டு மாதத்தில் அனுமதி வந்தது. படலையும் ரயில் பாதையும் மாமரமும் எங்களைக் கைவிட்டன. நாங்கள் ஒரே குடும்பம் என்று சாட்சி சொன்னது என்னுடைய பிழை.

6

மார்கழியில் வந்து இறங்கினார்கள். இருட்டு, பனி, குளிர். கஜன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கு யார் கை என்றாலும் சரி, சூடாக இருந்தால் போதும். தர்சினி சற்றுத் தள்ளி நின்று, "வணக்கம் அப்பா" என்றாள், பள்ளிக்கூட அதிபருக்குச் சொல்வது போல.

வாகனத்தில் வரும்போதே சொல்லிவிட்டேன். "பிள்ளை, அந்த நிழல் விசயத்திலை அப்பாதான் பிழை. நீ எழுதினதுதான் சரி."

"பரவாயில்லை" என்றாள். பஸ்ஸில் காலை மிதித்துவிட்டவனுக்குச் சொல்கிற பரவாயில்லை அது.

மரியாதையான பிள்ளை. சொன்னதைச் செய்வாள். ஆனால் நான் எதைச் சொன்னாலும் இன்னொரு ஆளிடம் கேட்டு உறுதிப்படுத்துவாள். பஸ் ஏழு மணிக்கு என்றால் தரிப்பிடத்தில் போய்ப் பலகையைப் பார்ப்பாள். ஒரு சொல்லுக்குக் கருத்துச் சொன்னால் அகராதியைத் திறப்பாள். அவள் பார்ப்பதை நான் பார்ப்பேன். நான் பார்ப்பது அவளுக்கும் தெரியும்.

"காலம் வேணும், விடுங்கோ" என்று மலர் சொல்வாள். "கிளாலியிலை நகையை நான் வச்சிருந்தன். அவள் அந்தக் கொப்பியைச் சட்டைக்குள்ளை வச்சுக்கொண்டு வந்தவள். வேண்டாம் எண்டால் தண்ணிக்குள்ளை போட்டிருப்பாளெல்லோ?"

தை பிந்திய நாட்களில் சூரியன் திரும்பி வந்தது. இங்கே அது ஒரு கொண்டாட்டம். பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் இனிப்புப் பணிஸ் கொடுத்து, மலைமேட்டில் நிறுத்தி, கடல் விளிம்பில் எட்டிப் பார்க்கிற வெளிச்சத்துக்குப் பாட்டுப் பாடுவார்கள். நான் அன்றைக்கு லீவு எடுத்துத் தடி நட்டேன். நிழல் பனிக்கு மேலால் நீண்டு, அடுத்த வீட்டு மதிலையும் தாண்டிப் போயிற்று. இதை அளக்கத் தையல் நாடா காணாது என்று கஜன் சிரித்தான். தர்சினி யன்னலால் பார்த்தாள். கீழே இறங்கி வரவில்லை.

மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி என்று மாதங்கள் போயின. கஜன் வீட்டிலேயே இந்த ஊர் மொழியில் கதைக்கத் தொடங்கினான். நான் தொலைபேசியில் பேசினால் பக்கத்தில் நின்று திருத்துகிறான். திருத்தட்டும். எனக்கு இப்போது அதில் ரோசம் இல்லை.

7

இன்று ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்கு முன் அறைக் கதவு திறந்தது. தர்சினி ஒரு பொலித்தீன் பையோடு வந்து குசினி மேசையில் எனக்கு எதிரே இருந்தாள். பைக்குள் கொப்பி. மட்டையின் ஒரு பக்கம் உப்புத்தண்ணீர் பட்டு வெளிறியிருந்தது.

"தம்பி நாளைக்கு இதைக் கொண்டுபோக வேணுமாம்" என்றாள்.

"ஓம் பிள்ளை."

"இப்பிடியே கொண்டுபோக ஏலாது." அந்தப் பக்கத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினாள்.

பன்னிரண்டு வரி. பன்னிரண்டு இடத்தில் "தெ" என்ற எழுத்தின் மேல் ஒற்றைக் கோடு, பழையது தெரியும்படி. மேலே "வ". பக்கத்தில் குட்டியாக "த" என்று கையெழுத்து. அடிமட்டம் வைத்துக் கீறியிருந்தாள். பத்து வருடம் வேலை செய்த என் அலுவலகத்தில் ஒருவரும் இவ்வளவு துப்புரவாகத் திருத்தம் செய்து நான் பார்த்ததில்லை.

"இதைப் பார்த்தால் ரீச்சர் சொல்லுறதுதான் சரியெண்டு வரும்" என்றாள். "தம்பியைத்தான் எல்லாரும் சிரிப்பினம்."

அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அடுத்த வருடத்து வைகாசி, ஆனி, ஆடி. எனக்கு அவள் எழுதாமல் விட்ட மாதங்கள். ஒரு ஞாயிறும் தவறாமல் அளந்திருக்கிறாள். எட்டு, பதின்மூன்று, பதினெட்டு. நீளம் எல்லாம் இருந்தது. திசை எழுதும் இடம் மட்டும் மேலிருந்து கீழ்வரை வெறுமை.

"இதை ஏன் பிள்ளை எழுதாமல் விட்டனீ?"

"தெற்கெண்டு எழுதினால் உங்களைப் பொய்யாக்கிறது. வடக்கெண்டு எழுதினால் நிழலைப் பொய்யாக்கிறது. அதுதான் விட்டனான்."

மலர் அடுப்படியில் திரும்பி நின்றுகொண்டாள். எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை. பத்து வயதில் ஒரு பிள்ளை தனியே கிணற்றடியில் நின்று, அப்பாவா நிழலா என்று கிழமைக்குக் கிழமை யோசித்திருக்கிறது. நான் இங்கே வளர்கிற பிள்ளை என்று ஆறுதல் தேடியிருக்கிறேன்.

"நீங்கள் திருத்துங்கோ அப்பா" என்று பேனையையும் அடிமட்டத்தையும் நீட்டினாள். "நீங்கள்தானே மாத்தச் சொன்னனீங்கள். உங்கடை சின்னக் கையெழுத்து இருக்க வேணும். பிறகு பாக்கிற ஆளுக்கு விளங்க வேணுமெல்லோ."

இரண்டையும் வாங்கினேன். முதல் வரியின் "வ" மேல் ஒற்றைக் கோடு கீறினேன். அதற்கு மேல் இருந்த கொஞ்ச இடத்தில் "தெ" என்று எழுதினேன். அவளுடைய "த" வுக்குப் பக்கத்தில் என் கையெழுத்தை வைத்தேன். இரண்டாவது, மூன்றாவது. அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழாவதில், "இதுக்குக் கையெழுத்து வைக்கேல்லை" என்றாள். வைத்தேன். பன்னிரண்டும் முடிய, கொப்பியைத் தன் பக்கம் திருப்பி ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினாள். பிறகு பேனையை என்னிடமிருந்து வாங்கி, அடுத்த பக்கத்து வெற்றிடங்களைத் தானே நிரப்பினாள். தெ, தெ, தெ என்று கீழ்வரைக்கும். அதற்கு என்னை விடவில்லை.

கஜன் வாசலில் நின்று கத்தினான். "அக்கா, மத்தியானம் ஆகப்போகுது, வா."

அவள் எழும்பிச் சப்பாத்தைப் போட்டாள். இந்த வீட்டில் அவள் தடிக்குக் கிட்டப் போனது இதுதான் முதல் தடவை. நூலில் திறப்பைக் கட்டித் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அப்பா, தடி சரிஞ்சிருக்கு" என்று தானே நிமிர்த்தினாள். கஜன் கல் வைத்துக்கொண்டு போனான். இப்போது அவன் கல்லை வாய்க்குள் போடுவதில்லை. நிழல் குறுகிக் குறுகி ஓரிடத்தில் நின்றது. மலரும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். தர்சினி குந்தியிருந்து நாடாவைப் பிடித்தாள். நூற்றாறு.

கொப்பியில் புதுப் பக்கம் திறந்து திகதி எழுதினாள். ஊரின் பெயர் எழுதினாள். நீளம் எழுதினாள். திசைக்கு வந்ததும் நிமிர்ந்து நிழலை ஒருமுறை பார்த்தாள், சூரியனை ஒருமுறை பார்த்தாள், பிறகு "வ" என்று எழுதினாள்.

"இஞ்சை வடக்குத்தான்" என்றாள் என்னைப் பார்த்து. "இஞ்சை நீங்கள் சொன்னது சரி அப்பா."